வயர்லெஸ் கீபோர்டு-மவுஸ் வாங்க போறீங்களா? காசை நீட்டும் முன் இதை கவனியுங்க!

விழுப்புரம்,

ஆயிரம் ரூபாய் இருந்தால் வயர் இல்லாத கீபோர்டும் மவுசும் ஜோடியாக கிடைத்து விடுகிறது. விழுப்புரம் நேருஜி ரோட்டிலோ, திண்டிவனம் நேரு வீதியிலோ கம்ப்யூட்டர் கடையில் போய் கேட்டால் நாலைந்து அட்டைப்பெட்டியை எடுத்து மேஜை மேல் வரிசையாக வைப்பார்கள்.

எல்லா பெட்டியிலும் ஒரே மாதிரி படம்தான். எல்லாவற்றிலும் 'வயர்லெஸ் காம்போ' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் விலை மட்டும் ரூ.600-ல் இருந்து ரூ.1,500 வரை இருக்கும். எதை எடுப்பது என்று தெரியாமல், 'அண்ணே, நீங்களே நல்லதா ஒன்னு கொடுங்க' என்று சொல்லிவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

கூலி வேலைக்கு போகிறவருக்கு இது ஒன்றரை, இரண்டு நாள் சம்பளம். மூன்றே மாதத்தில் 'எண்டர்' பட்டன் வேலை செய்யவில்லை, யு.எஸ்.பி.யில் சொருகும் துண்டு தொலைந்து விட்டது என்று மூலையில் போட்டால் அந்த பணம் போனது போனதுதான். அதைவிட பெரிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது. மட்டமான செட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை பக்கத்து கட்டிடத்தில் இருப்பவர் பிடித்துவிட முடியும்.

குறைந்த விலையில் நல்ல செட்டை எப்படி பார்த்து வாங்குவது? அதுபற்றிய விவரம் வருமாறு:-

வயர் இல்லாதது தேவையா?

கடைக்கு போகும் முன் இந்த கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வயர் உள்ள கீபோர்டு-மவுஸ் ஜோடி ரூ.500, ரூ.700-க்கே கிடைக்கிறது. அதற்கு செல் போட வேண்டாம். சொருகும் துண்டு தொலையாது. அதே விலையில் வயர்லெஸ் வாங்கினால், ரேடியோ கருவிக்கும் செல்லுக்கும் சேர்த்து அந்த பணத்துக்குள்தான் கம்பெனிக்காரன் செய்தாக வேண்டும். அதனால் பட்டனின் தரத்தில் கை வைத்து விடுவான். ஒரே விலை என்றால் வயர் உள்ளதில்தான் பட்டன் நன்றாக இருக்கும்.

அப்படியானால் வயர்லெஸ் யாருக்கு லாபம்?

டி.வி.யில் கம்ப்யூட்டரை இணைத்து தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள், டியூஷன் சென்டரில் புரஜெக்டர் வைத்து பாடம் நடத்துபவர்கள், சின்ன வீட்டில் சாப்பிடும் மேஜையிலேயே கம்ப்யூட்டரையும் வைத்திருப்பவர்கள், வயரை பிடித்து இழுக்கும் குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள். இவர்களுக்கு வயர் இல்லாதது வசதிதான்.

லேப்டாப்பில் உள்ள கீபோர்டு பழுதானவர்களுக்கும் இது கைகொடுக்கும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கிய பழைய லேப்டாப் சில வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டு இருக்கிறது. அதில் நாலு பட்டன் போய்விட்டது என்பதற்காக லேப்டாப்பையே ஓரங்கட்ட தேவை இல்லை. வெளியில் இருந்து ஒரு செட் சொருகினால் போதும்.

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டிலும் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு செல்போனில் ஓ.டி.ஜி. என்ற சின்ன இணைப்பியை சொருகி, அதில் இந்த யு.எஸ்.பி. துண்டை மாட்டினால் பெரும்பாலான போன்களில் கீபோர்டும் மவுசும் வேலை செய்யும். வேலைக்கு விண்ணப்பம் அடிக்க, கல்லூரி பிராஜெக்ட் அடிக்க போன் திரையில் கட்டை விரலால் தட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

யாருக்கு வேண்டாம்?

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு வயர்லெஸ் தேவையே இல்லை. அங்கே கம்ப்யூட்டர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நாள் முழுக்க தட்டுவதால் செல்லும் சீக்கிரம் தீரும். கூட்டம் நிற்கும் நேரத்தில் செல் தீர்ந்தால் தொழில் நின்று விடும். வயர் உள்ளதுதான் அவர்களுக்கு நல்லது. பாஸ்வேர்டு விஷயத்திலும் அதுதான் பாதுகாப்பு. அதை பின்னால் பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

செட்டுடன் ஒரு நகத்தின் அளவுக்கு சின்ன துண்டு ஒன்று வரும். 'ரிசீவர்', 'டாங்கிள்' என்று சொல்வார்கள். அதை யு.எஸ்.பி. ஓட்டையில் சொருக வேண்டும். நீங்கள் 'க' என்று தட்டினால் கீபோர்டில் உள்ள சின்ன ரேடியோ அதை காற்றில் அனுப்பும். ரிசீவர் அதை பிடித்து கம்ப்யூட்டருக்கு சொல்லும். நம்ம ஊர் எப்.எம். ரேடியோ மாதிரிதான். சக்தி மட்டும் ரொம்ப குறைவு.

பெட்டியில் '2.4 ஜி' என்று போட்டிருப்பதை பார்த்து செல்போன் 4ஜி, 5ஜி மாதிரி என்று நினைக்க வேண்டாம். அது ரேடியோ அலைவரிசையின் எண். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அர்த்தம். இந்த அலைவரிசையில் குறைந்த சக்தி கருவிகளை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-ல் விதி கொண்டுவந்தது. அதனால்தான் வைபை, புளூடூத், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இதே அலைவரிசையில் ஓடுகின்றன. இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நெட் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும்.

சில செட்டில் ரிசீவர் இருக்காது. புளூடூத் மூலம் இணையும். அதை வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்கும். பழைய மேஜை கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு ரிசீவர் உள்ள செட்தான் சரி.

ரிசீவர் தொலைந்தால்...

இந்த விஷயம்தான் பலருக்கு தெரிவது இல்லை. குறைந்த விலை செட்டில் ஒரே ரிசீவர்தான் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும். அதுவும் அந்த செட்டுக்கு மட்டும்தான். அது தொலைந்தால் வேறு ரிசீவரை வாங்கி மாட்ட பெரும்பாலும் முடியாது. கீபோர்டு புதுசாக இருந்தாலும் குப்பைதான். கடையில் 'ரிசீவர் மட்டும் கொடுங்க' என்று கேட்டால் கைவிரித்து விடுவார்கள்.

அதனால் வாங்கும்போதே மவுசை திருப்பி, செல் போடும் மூடியை திறந்து பாருங்கள். உள்ளே ரிசீவரை வைப்பதற்கு ஒரு சின்ன குழி இருக்கிறதா? இருந்தால் நல்லது. லேப்டாப்பை பையில் போட்டு பஸ்சில் எடுத்து செல்பவர்கள் ரிசீவரை கழற்றி அதில் வைத்து விடலாம். சொருகியபடியே பையில் போட்டால் இடித்து உடைய வாய்ப்பு உண்டு. யு.எஸ்.பி. ஓட்டையும் சேர்ந்து போகும்.

பள்ளி, டியூஷன் சென்டரில் ஒரே மாடல் நாலு செட் வாங்கினால் இன்னொரு குழப்பம் வரும். எந்த ரிசீவர் எந்த கீபோர்டுக்கு என்று தெரியாது. முதல் நாளே ரிசீவரிலும், கீபோர்டின் பின்பக்கத்திலும், மவுசின் அடியிலும் பெயிண்டால் ஒரே கலர் பொட்டு வைத்து விடுங்கள்.

செல் கணக்கு

செட்டின் விலையோடு செலவு முடிவது இல்லை. செல்லுக்கும் சேர்த்து கணக்கு போட வேண்டும். கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் தனித்தனி செல். சில மாடலில் பென்சில் செல், சிலவற்றில் ரிமோட்டுக்கு போடுகிற சின்ன செல். முடிந்தவரை இரண்டுக்கும் ஒரே அளவு செல் போடுகிற செட்டாக பாருங்கள். பெட்டிக்கடையில் சுலபமாக கிடைக்கும்.

கீபோர்டில் செல் பல மாதம் ஓடும். மவுசில்தான் சீக்கிரம் தீரும். காரணம், கீபோர்டு பட்டனை தட்டும்போது மட்டும் வேலை செய்கிறது. மவுசில் அடியில் உள்ள விளக்கு நகரும்போதெல்லாம் எரிய வேண்டும். மவுசின் அடியில் ஆன்-ஆப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி அதை அணைத்து வைத்தால் செல் கூடுதல் நாள் வரும்.

பத்து, இருபது ரூபாய் சாதா செல்லில் ஒரு சிக்கல் உண்டு. அதன் வெளிக்கூடு துத்தநாகம். மின்சாரம் கொடுக்க கொடுக்க அந்த கூடே கரையும். தீர்ந்த செல்லை அப்படியே விட்டால் ஓட்டை விழுந்து உள்ளே இருப்பது கசிந்து, கீபோர்டின் கம்பியை அரித்து விடும். 'ஆல்கலைன்' என்று போட்டிருக்கும் செல் விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் அதிக நாள் உழைக்கும். அதையும் தீர்ந்த பிறகு உள்ளேயே விட்டால் கசியத்தான் செய்யும். எந்த செல்லாக இருந்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்த மாட்டோம் என்றால் கழற்றி வைப்பதுதான் நல்லது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு போகும்போது இதை மறக்க வேண்டாம்.

மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தாலோ, தட்டிய எழுத்தில் ஒன்றிரண்டு விழாமல் போனாலோ, செட் கெட்டு விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் செல்லை மாற்றி பாருங்கள்.

கீபோர்டில் என்ன பார்க்கணும்?

குறைந்த விலை கீபோர்டு எல்லாவற்றிலும் பட்டனுக்கு கீழே ரப்பர் தகடுதான் இருக்கும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தரத்தில் வித்தியாசம் உண்டு. கடையிலேயே சோதித்து விடலாம்.

*ஸ்பேஸ் பட்டன், எண்டர் பட்டன், ஷிப்ட் பட்டன் மூன்றையும் நடுவிலும், இரண்டு ஓரத்திலும் தட்டி பாருங்கள். ஓரத்தில் தட்டினால் சிக்கிக்கொண்டால் அதை வாங்க வேண்டாம்.

*கீபோர்டை மேஜையில் வைத்து நடுவில் லேசாக அழுத்துங்கள். பலகை மாதிரி வளைந்தால் சீக்கிரம் போய்விடும். நாலு மூலையில் ரப்பர் கால் இருக்க வேண்டும்.

*எழுத்து வெறும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டப்பட்டிருந்தால் சில மாதத்தில் அழிந்துவிடும். நகத்தால் லேசாக தடவினால் மேடு தட்டுகிறதா என்று தெரியும்.

*எப், ஜே என்ற இரண்டு பட்டனிலும் சின்ன கோடு மேடாக இருக்கும். டைப்பிங் தெரிந்தவர்கள் பார்க்காமல் விரல் வைக்க அதுதான் அடையாளம். அது இல்லாத கீபோர்டு வேண்டாம்.

*கடை கணக்கு போடுபவர்கள் வலது பக்கம் தனியாக நம்பர் பட்டன் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மினி கீபோர்டு பார்க்க அழகாக இருக்கும். பில் போட உட்கார்ந்தால் எரிச்சல்தான் வரும்.

*4-ம் எண் பட்டனில் ரூபாய் குறியீடு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2010-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட குறியீடு இது. விண்டோசில் 'இங்கிலீஷ் இந்தியா' என்ற மொழியை வைத்து, வலது பக்கம் உள்ள ஆல்ட் பட்டனையும் 4-ஐயும் சேர்த்து அழுத்தினால் விழும். அச்சு இல்லாவிட்டாலும் விழும்.

தமிழ் அடிப்பவர்கள் கவனத்துக்கு...

கடைக்காரர் சொல்ல மறக்கும் விஷயம் இது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்து தமிழக அரசு ஏற்றுக்கொண்டதுதான் 'தமிழ் 99' கீபோர்டு முறை. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. ஏ, கே, கே, கியூ என்ற நாலு ஆங்கில பட்டனை தட்டினால் 'அம்மா' என்று விழுந்துவிடும். புள்ளி தனியாக வைக்க வேண்டாம்.

இந்த முறையில் ஆங்கில எழுத்து உள்ள பட்டன் மட்டும் போதாது. 'ச' இருப்பது சதுர அடைப்புக்குறி பட்டனில். 'ஞ' அதற்கு அடுத்த பட்டனில். 'ந' இருப்பது அரைப்புள்ளி பட்டனில். 'ய' அதற்கு பக்கத்து பட்டனில். 'ழ' இருப்பது சாய்வுகோடு பட்டனில். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்கு இதெல்லாம் எப்போதாவது தேவைப்படுகிற பட்டன். நமக்கு ஒவ்வொரு வரியிலும் தேவை.

மினி கீபோர்டில் இடத்தை மிச்சம் பிடிக்க இந்த ஓரத்து பட்டன்களைத்தான் சின்னதாக்குவார்கள், இடம் மாற்றுவார்கள். அதை வாங்கினால் 'சாய்ந்தது', 'ஞாயிறு' என்று அடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே தமிழ் அடிப்பவர்கள் முழு அளவு கீபோர்டுதான் வாங்க வேண்டும்.

தமிழ் எழுத்து அச்சிட்ட வயர்லெஸ் கீபோர்டு நம்ம ஊரில் கிடைப்பது அரிது. அதற்காக கவலை வேண்டாம். எந்த கீபோர்டிலும் தமிழ் அடிக்கலாம். விண்டோஸ் 11-ல் மொழி அமைப்புக்குள் போய் தமிழை சேர்த்தால் 'தமிழ் 99' இருக்கும். பழகும் வரைக்கும் பட்டன் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

டைப்ரைட்டிங் பரீட்சைக்கு பழகும் மாணவ-மாணவிகள் இந்த செட்டை நம்பி பழக வேண்டாம். டைப்ரைட்டரில் விரலுக்கு வேண்டிய அழுத்தமே வேறு. இன்ஸ்டிடியூட்டில் உள்ள மிஷினில் பழகுவதுதான் சரி.

மவுசில் என்ன பார்க்கணும்?

பெட்டியில் 'டி.பி.ஐ.' என்று ஒரு எண் போட்டிருக்கும். மவுசை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளியாக எண்ணுகிறது என்பதுதான் அது. 1,000 அல்லது 1,200 இருந்தாலே வீட்டு வேலைக்கு தாராளம். 1,600, 2,400 என்று பெரிய எண்ணை காட்டி கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அது கேம் விளையாடுபவர்களுக்கு.

மவுசை கையில் பிடித்து பாருங்கள். ரொம்ப சின்ன மவுஸ் என்றால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். சக்கரத்தை மேலும் கீழும் உருட்டி பாருங்கள். இடது, வலது பட்டனை பத்து தடவை அழுத்துங்கள். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியது போல வேலை செய்தால் அது பழுது.

கண்ணாடி மேஜை வைத்திருப்பவர்கள் மவுஸ் நகரவில்லை என்று கடைக்கு ஓடி வருவது உண்டு. மவுஸ் மேல் தப்பு இல்லை. அடியில் விழும் வெளிச்சம் கண்ணாடியில் ஊடுருவி போய்விடும், திரும்பி வராது. ஒரு மவுஸ் பேடு அல்லது ஒரு தடித்த பேப்பரை போட்டால் சரியாகிவிடும்.

பெட்டியில் பார்க்க வேண்டியது

பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். லாஜிடெக், எச்.பி., டெல், சென்னையை தலைமையிடமாக கொண்ட ஜீப்ரானிக்ஸ் என்று பல கம்பெனி செட்கள் ஆயிரம் ரூபாயை சுற்றி கிடைக்கின்றன. பெயர் பெற்ற கம்பெனி என்றால் அதன் பெயரில் டூப்ளிகேட்டும் வரும். அதை கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

வயர்லெஸ் கீபோர்டை இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.சில் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2012-ல் உத்தரவு போட்டது. அந்த உத்தரவின் முதல் பட்டியலில் இருந்த 15 பொருட்களில் வயர்லெஸ் கீபோர்டும் ஒன்று. பதிவான கீபோர்டின் பின்பக்கத்திலோ, பெட்டியிலோ பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் 8 இலக்க எண்ணும் இருக்கும்.

செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் இந்த எண்ணை அடித்தால் எந்த கம்பெனிக்கு, எந்த பொருளுக்கு கொடுத்தது என்று காட்டும். எண்ணே இல்லை, அல்லது அடித்தால் வேறு பொருள் வருகிறது என்றால் அந்த பெட்டியை திருப்பி கொடுத்து விடுங்கள். கடையில் நிற்கும்போதே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம்-வருடம், புகார் சொல்ல போன் எண், எந்த நாட்டில் செய்தது ஆகியவையும் பெட்டியில் இருக்க வேண்டும். இது சட்டம். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தப்பு. பெட்டியில் போட்டிருக்கும் விலையை விட குறைத்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். கூச்சப்படாமல் பேரம் பேசலாம்.

பில் வாங்காமல் நகராதீங்க!

'பில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடும், பில் இல்லாமல் எடுத்துக்கோங்க' என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம். பெட்டியில் அச்சிட்ட விலையிலேயே வரி அடக்கம். பில் இல்லை என்றால் வாரண்டியும் இல்லை.

குறைந்த விலை செட்டுக்கு பெரும்பாலும் 1 வருடம் வாரண்டி உண்டு. சில மாடலுக்கு 3 வருடமும் கொடுக்கிறார்கள். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். 'ரிப்பேர் ஆனால் நீங்களே மாற்றி தருவீங்களா, நான் சர்வீஸ் சென்டருக்கு போகணுமா?' சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலோ, சென்னையிலோ இருந்தால், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்து செட்டின் விலையையே தொட்டுவிடும். சென்னை ரிச்சி தெருவில் நூறு ரூபாய் குறைவாக கிடைக்கிறது என்று அங்கே வாங்கி வருபவர்களுக்கும் இதே கதைதான். பக்கத்து கடையில் ரூ.100 கூடுதலாக இருந்தாலும், மாற்றி தருவேன் என்று சொல்பவரிடம் வாங்குவது மேல். அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள், விற்பவர் யார், எத்தனை நாளில் திருப்பி அனுப்பலாம் என்பதை முதலில் பாருங்கள். பெட்டி வந்ததும் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரிசீவர் இல்லாமல் வந்தால் அதுதான் ஆதாரம்.

பாஸ்வேர்டு பறிபோகும் ஆபத்து

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவை சேர்ந்த பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2016-ல் விலை குறைந்த வயர்லெஸ் கீபோர்டுகளை சோதித்தது. அதில் 8 கம்பெனிகளின் கீபோர்டுகள், தட்டும் எழுத்தை எந்த பூட்டும் போடாமல் அப்படியே காற்றில் அனுப்புவது தெரியவந்தது. சுமார் 250 அடி தூரத்தில் இருந்து, விலை குறைந்த ஒரு ரேடியோ கருவியை வைத்தே அதை படிக்க முடிந்தது. பாஸ்வேர்டு, கார்டு நம்பர் எல்லாம் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது.

அதே வருடம் அதே நிறுவனம் இன்னொன்றையும் கண்டுபிடித்தது. பல கம்பெனிகளின் மவுஸ் ரிசீவர்களை தூரத்தில் இருந்தே ஏமாற்றி, கம்ப்யூட்டரில் கீபோர்டு தட்டுவது போல கட்டளை கொடுக்க முடிந்தது. உலகம் முழுக்க இது பேசப்பட்டது. அதன் பிறகு சில கம்பெனிகள் குறையை சரிசெய்தன. ஆனாலும் பெயர் தெரியாத மட்டமான செட் எந்த முறையில் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

250 அடி என்றால் ரோட்டுக்கு எதிர்ப்புறம், மாடி, பக்கத்து கடை எல்லாம் அடக்கம். ஒரு வீட்டில் பாட்டு கேட்க, பாடம் படிக்க பயன்படுத்துகிற கீபோர்டை யாரும் உட்கார்ந்து ஒட்டுக்கேட்க போவது இல்லை. ஆனால் ஒரு இ-சேவை மையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் ஆதார் எண், ஓ.டி.பி., பாஸ்வேர்டு தட்டப்படுகிறது? அது அவர்களின் பணம், அவர்களின் சான்றிதழ். அங்கே ரூ.600 வயர்லெஸ் கீபோர்டை வைப்பது, கல்லாப்பெட்டியை திறந்து போட்டு டீக்கடைக்கு போவது மாதிரி.

ஆகவே மற்றவர்களின் கணக்கை கையாள்பவர்கள் வயர் உள்ள கீபோர்டையே வைக்க வேண்டும். வீட்டில் வயர்லெஸ் வைத்து பாங்க் வேலை பார்ப்பவர்கள், பெட்டியில் '128 பிட் ஏ.இ.எஸ். என்கிரிப்ஷன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தட்டும் எழுத்தை பூட்டு போட்டு அனுப்புகிறது என்று அதற்கு அர்த்தம். புளூடூத் கீபோர்டு 2016-ல் கண்டுபிடித்த இந்த குறையில் சிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தடங்கல் வந்தால்...

கடையில் நன்றாக வேலை செய்தது, வீட்டில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது என்றால் மூன்று இடத்தை பாருங்கள்.

1. ரிசீவரை கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகி, அந்த கம்ப்யூட்டரை இரும்பு மேஜைக்கு அடியில் வைத்திருந்தால் அலை தடுக்கப்படும். முன்பக்க ஓட்டையில் சொருகுங்கள்.

2. உள்ளே நீல நிறம் உள்ள யு.எஸ்.பி. ஓட்டையில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது அதில் இருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை கெடுக்கும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி வெளியிட்டது. ரிசீவரை அதில் இருந்து தள்ளி, கருப்பு அல்லது வெள்ளை ஓட்டையில் சொருகுங்கள். ஒரு சின்ன யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி ரிசீவரை மேஜை மேல் கொண்டுவந்தாலும் சரியாகும்.

3. வைபை பெட்டிக்கு ஒட்டியே ரிசீவர் இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

டீ கொட்டிவிட்டால் உடனே செல்லை கழற்றி, கீபோர்டை கவிழ்த்து, ஒரு நாள் நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்துவிடும். புது செட் வாங்கியதும் பழைய வயர் கீபோர்டை பழைய இரும்பு கடைக்கு போடாதீர்கள். ராத்திரி நேரத்தில் செல் தீர்ந்தால் அதுதான் காப்பாற்றும்.

ஏமாற்றினால் எங்கே போவது?

வாரண்டி இருந்தும் மாற்றி தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். ரூ.5 லட்சம் வரை உள்ள பொருளுக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆயிரம் ரூபாய் பொருளுக்கு கோர்ட்டா என்று நினைக்கலாம். பில்லை கையில் வைத்துக்கொண்டு 'நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன்' என்று சொன்னாலே பல இடங்களில் வேலை நடந்துவிடும்.

கடைக்கு போகும்போது...

*செல்போனில் பி.ஐ.எஸ். ஆப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

*பெட்டியை பிரித்து, செல் போட்டு, கடை கம்ப்யூட்டரில் எல்லா பட்டனையும் ஒரு தடவை தட்டி பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். 'பிரிக்கக்கூடாது' என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.

*ரிசீவரை கழற்றி உங்கள் பெட்டியில் போட்டாரா என்று பார்த்துவிட்டு கிளம்புங்கள். கடை கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது.

*பில்லில் மாடல் பெயர், தேதி, கடை முத்திரை இருக்கிறதா என்று படியுங்கள். மழை தண்ணியில் மை அழிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பில்லை போட்டோ எடுத்து செல்போனில் வைத்துவிடுங்கள்.